திரும்பி வந்த வீரர்: ஜெனரல் குமாரமங்கலமும் அவர் குடும்பமும்



நம் காலாண்டு மடலின் வரலாற்றுப் பக்கம் என்றால் கோயில், கல்வெட்டு, ஏரி என்று எழுதுவதே என் வழக்கம். குடுமியான்மலைக்காரன் வேறு எதை எழுதுவான் என்று சிலர் கேலி செய்வதும் காதில் விழத்தான் செய்கிறது. இந்த முறை ஒரு ராணுவ வீரரைப் பற்றி எழுதுகிறேன். ஆனாலும் கல்லைத் தொடாமல் எனக்கு ஆரம்பிக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சிகாநாதர் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் உள்ள இசைக் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர் என்று எல்லாரையும் நம் முன்னோர் கல்லில் ஏற்றிவிட்டார்கள். போரில் இறந்தவனுக்கு நடுகல் வைப்பது அதைவிடப் பழைய வழக்கம். புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2012-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள். மாடு பிடிச் சண்டையில் விழுந்த ஒருவனுக்கு எடுத்த கல் அது.

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அங்கே முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிக் கல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள். இரண்டே எண்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கூட்டிக் கழித்த எனக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும். அதுதான் திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை. அது கல்லில் இல்லை. வந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், பென்ஷன் வாங்கினார்கள், போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நடுகல் கிடையாது.

அப்படித் திரும்பி வந்தவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வாழ்க்கையைச் சொல்கிறேன். பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். தரைப்படைத் தலைவர் பதவி வரை போனவர். அப்படியும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வீடு, நான்கு திசை

குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டை அடுத்த ஒரு ஊர். அதன் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். பிறகு காங்கிரஸில் சேர்ந்து 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் இந்தோனேசியத் தூதர், மத்திய அமைச்சர், மகாராஷ்டிர ஆளுநர் என்று பல பதவிகள் வகித்தார்.

அவர் மணந்தது மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை. ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள். சாதி மாறி, மொழி மாறி நடந்த திருமணம். அதுவும் 1910-களில்! அந்த அம்மாள் சாமானியப்பட்டவர் அல்ல. 1930-இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர்.

இவர்களுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் பரமசிவம், 1913 ஜூலை 1-இல் பிறந்தவர். அடுத்து கோபால், மோகன், கடைசியாக பார்வதி. மகன்கள் தங்கள் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மூத்தவர் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு உல்விச் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று 1933-இல் அதிகாரியானார். இதன் அருமை இன்று நமக்குப் புரியாது. முதல் உலகப் போர் முடியும் வரை இந்தியருக்கு மன்னரின் முழு அதிகாரம் பெற்ற ராணுவ அதிகாரிப் பதவி எட்டாக்கனி. 1918 முதல் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு இங்கிலாந்தில் இடம் கொடுத்தார்கள். டேராடூனில் நம் நாட்டிலேயே கல்லூரி வந்தது 1932-இல்தான்.

அதிலும் பீரங்கிப் படை என்றால் வெள்ளையருக்குத் தனி பயம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிகள் தவிர மற்ற பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்கவே இல்லை. ஏறத்தாழ 78 ஆண்டுகள் கழித்து, 1935 ஜனவரியில் பெங்களூரில்தான் முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு தொடங்கியது. அதில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரிகளில் குமாரமங்கலம் ஒருவர்.

அண்ணன் இப்படி மன்னரின் படையில் இருக்க, தம்பி மோகன் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பின், அரசுக்கு எதிராகப் பிரசுரம் வெளியிட்டதாக அவர் மீதும் பி. ராமமூர்த்தி முதலானோர் மீதும் வழக்குப் போட்டார்கள். சென்னை சதி வழக்கு என்பது அதுதான். அதே வழக்கில் சிக்கிய இன்னொருவர் ஆர். உமாநாத். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1962, 1967 இரண்டு தேர்தலிலும் நம் புதுக்கோட்டையின் மக்களவை உறுப்பினர். தங்கை பார்வதியும் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். பின்னாளில் கோவையின் எம்.பி.யாக இருந்த பார்வதி கிருஷ்ணன் அவர்தான்.

ஆக, ஒரு பிள்ளை மன்னருக்காகப் போரிடப் போகிறார், இன்னொரு பிள்ளையை மன்னருக்கு எதிராகச் சதி செய்ததாகக் கூண்டில் நிறுத்துகிறார்கள். அந்தத் தாய் தகப்பன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று தேர்தல் சமயத்தில் ஒரு ஃபார்வர்டு செய்திக்காகக் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறுகிறோம்!

1942, மே 27

அந்தப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது, எல்லாரும் தாமாகச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போனார்கள். எதிரே ஜெர்மன் தளபதி ரோமல்.

லிபியாவில் பிர் ஹக்கீம் என்று ஓர் இடம். பிர் என்றால் கிணறு. அதைப் பிரெஞ்சுப் படை காத்தது. அதற்குத் தென்கிழக்கே, வெறும் மணல்வெளியில், 171 என்று வரைபடத்தில் எண் போட்ட ஒரு புள்ளி. அங்கே 3-வது இந்திய மோட்டார் பிரிகேடை நிறுத்தினார்கள். வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. டாங்கிகளைத் தடுக்கும் பீரங்கிகள் போதவில்லை. அவர்களுக்குத் துணையாக இருந்தது 2-வது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்ட். அதில் மேஜர் குமாரமங்கலம் ஒரு பேட்டரியின் தலைவர். வயது 28.

மே 27 காலை, இத்தாலியின் அரியேட்டே டாங்கிப் படை அவர்கள் மீது நேராக வந்து விழுந்தது. பக்கத்தில் ஜெர்மன் டாங்கிகளும் வந்தன. களப் பீரங்கி என்பது பல கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடுவதற்கானது. சுமார் 11 கிலோ எடையுள்ள குண்டைப் போடும். அன்று அந்த வீரர்கள் தங்களை நோக்கி வரும் டாங்கிகளைக் கண்ணால் பார்த்து, குழாயைத் தாழ்த்தி, நேருக்கு நேர் சுட வேண்டியிருந்தது. காலைப் பொழுது முடிவதற்குள் பிரிகேடின் நிலை தகர்ந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ விழுந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் கைதானார்கள்.

நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு செய்தி. அன்று பிடிபட்டவர்களில் சர் வால்டர் கோவன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அட்மிரலும் இருந்தார். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டோடு ஒட்டிக்கொண்டவர். வயது 70. கைத்துப்பாக்கியால் டாங்கியை எதிர்த்து நின்றார் என்பார்கள். நமக்கு மூன்றாவது மாடிக்குப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது.

பிர் ஹக்கீம் சண்டையில் காட்டிய துணிவுக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. ராணுவ அதிகாரிகளுக்குரிய விருதுகளில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்த நிலையில் மதிக்கப்பட்டது. மேஜர் நிலையில் உள்ள ஓர் இளைஞருக்கு, அதுவும் இந்தியருக்கு, எளிதில் கொடுத்துவிட மாட்டார்கள்.

ஆனால் விருதை அணிந்துகொள்ள அவர் வீட்டுக்கு வரவில்லை. எதிரியிடம் சிறைப்பட்டு இத்தாலியில் கைதி முகாமுக்குப் போய்விட்டார்.

முள்வேலிக்குள் மூன்று ஆண்டு

போர்க்கைதி வாழ்க்கையைப் பற்றி சினிமாவில் பார்த்து நாம் சுரங்கம், தப்பித்தல் என்றே நினைக்கிறோம். பெரும்பகுதி நேரம் அங்கே நடப்பது காத்திருப்புதான். கடிதத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலத்துக்கும் காத்திருக்க வேண்டும். ஜெயிலில் இருப்பவனுக்காவது இத்தனை வருஷம் என்று கணக்கு உண்டு. போர்க்கைதிக்குத் தண்டனைக் காலம் என்று ஒன்று கிடையாது, போர் முடிந்தால்தான் விடுதலை. வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே கணக்கில்லாத காத்திருப்புதான்.

அந்த இத்தாலிய முகாமில் இருந்த இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். யாகியா கான் அங்கே இருந்தார். சாகிப்சாதா யாகூப் கானும் இருந்தார். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒரே ரேஷனைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு யாகியா கான் பாகிஸ்தானின் அதிபர், யாகூப் கான் அந்நாட்டு ஜெனரல், குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைவர். 1971-இல் கிழக்கு வங்க மக்கள் மீது ராணுவத்தை ஏவ மறுத்துப் பதவி விலகியவர் இந்த யாகூப் கான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1947-இல் சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி ராணுவத்தையும் பிரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போனது. துப்பாக்கியையும் லாரியையும் எண்ணிப் பிரித்துவிடலாம். ஒன்றாகச் சிறையிருந்த நினைவை எப்படிப் பிரிப்பது?

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அந்தக் குழப்பத்தில் குமாரமங்கலம் முகாமிலிருந்து தப்பினார். இத்தாலியக் குடியானவர்கள் உதவினார்கள். தப்பியோடும்போது கணுக்கால் முறிந்தது. மறுபடி பிடிபட்டார். ஜெர்மானியர் அவரை ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற பலத்த காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1944 மார்ச்சில் 76 கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பியதாக உலகமே பேசியதே, அந்த முகாம்தான். பிடிபட்ட கைதிகளில் 50 பேரை ஹிட்லர் ஆணையால் சுட்டுக் கொன்றார்கள்.

1945-இல் போர் முடிந்தது, நம்மவர் உயிரோடு திரும்பினார். சிறையில் நடந்துகொண்ட விதத்துக்காக 1946-இல் எம்.பி.இ. பட்டம் தந்தார்கள். சண்டை நாளில் காட்டிய வீரத்துக்கு ஒரு விருது, சிறையில் கழித்த ஆண்டுகளுக்கு ஒரு விருது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதலாவது ஒரு பகல்பொழுது வேலை.

படைத்தலைவர்

சுதந்திர இந்தியாவில் அவர் படிப்படியாக உயர்ந்தார். 1965 பாகிஸ்தான் போரின்போது தரைப்படையின் துணைத் தலைவர். 1966 ஜூன் 8-இல் ஜெனரல் ஜே.என். சௌத்ரிக்குப் பின் தரைப்படைத் தலைவரானார். தமிழ்நாட்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று மன்னரின் ஆணையால் அதிகாரியானவர்களில் இந்தியத் தரைப்படைத் தலைவரான கடைசி ஆளும் அவரே. 1969 ஜூன் 7-இல் ஓய்வு பெற்று, டேராடூனின் முதல் அணியில் படித்த மானெக்ஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். அந்த ஒரு கைமாற்றத்தில் நம் ராணுவத்தின் ஒரு தலைமுறையே மாறியது.

அவர் காலத்தில் நடந்த முக்கியமான மோதல் 1967 செப்டம்பரில் சிக்கிமின் நாதுலா கணவாயில். எல்லையில் நம்மவர்கள் கம்பி வேலி போட்டபோது, செப்டம்பர் 11 அன்று சீனர்கள் சுட ஆரம்பித்தார்கள். இந்தியப் பீரங்கிகள் பதில் சொல்லின. மோதல் நான்கு நாட்கள் நீடித்தது. அக்டோபர் 1-இல் பக்கத்திலிருந்த சோலாவிலும் மோதல். 1962-இல் பட்ட அவமானத்துக்குப் பிறகு நம் படை பின்வாங்காமல் நின்று பதிலடி கொடுத்த இடம் அது. இந்தியர் கையில் பீரங்கி கொடுக்கவே அஞ்சிய காலத்துக்கு மிக அருகில் சேவையில் சேர்ந்தவர் அப்போது படைத்தலைவராக இருந்தார் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தி, சண்டையோடு சம்பந்தமில்லாதது. அவர் பதவியேற்ற சில வாரங்களில், 1966 ஆகஸ்ட் 23-இல், ராணுவ வீரர்களின் மனைவியர் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ராணுவக் குடும்பங்களுக்கும் விதவையருக்கும் உதவும் பெரிய அமைப்பு அது. எல்லையில் நிற்பவன் நிம்மதியாக நிற்க வேண்டுமென்றால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

மறுபடி அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். அண்ணன் டெல்லியில் படைத்தலைவராக இருந்த 1966-67-இல், ஒரு காலத்தில் சதி வழக்குக் கைதியான தம்பி மோகன் சென்னை மாநில அட்வகேட் ஜெனரல்! சதி வழக்கில் கூட இருந்த உமாநாத் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர். மோகன் பின்னர் காங்கிரஸில் சேர்ந்து மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானார். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானதில் அவர் பங்கு பெரிது.

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற விமானம் விழுந்து மோகன் இறந்தார். அவருக்கு வயது 56. அண்ணனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. போர்க்களமும் முகாமும் அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டன. சாதாரண விமானப் பயணம் தம்பியைக் கொண்டுபோய்விட்டது.

1970-இல் பத்ம விபூஷண் பெற்ற ஜெனரல் குமாரமங்கலம், 2000 மார்ச் 13 அன்று 86 வயதில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் காலமானார். 1998, 1999 தேர்தல்களில் திருச்சியில் வென்று மத்திய அமைச்சரானவர் என்பது நம் பக்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர் இருந்தது பா.ஜ.க.வில். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், பா.ஜ.க., ராணுவம் என்று ஒரு குடும்பமே ஒரு குட்டி இந்தியா.

நம் வாசலில் இருப்பவர்கள்

ஜெனரல் என்பதால் இவர் வாழ்க்கை ஏட்டில் இருக்கிறது. சிப்பாயாகவும் ஹவில்தாராகவும் சுபேதாராகவும் திரும்பி வந்தவர்கள் கதை?

வங்கியில் பல வருஷம் பென்ஷன் கவுண்டரில் இருந்தேன். நவம்பர் மாதம் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க முன்னாள் படைவீரர்கள் வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் மேஜையில் சாய்ந்து நிற்பார்கள், இவர்கள் எண்பது வயதிலும் நிமிர்ந்து நிற்பார்கள். பங்களாதேஷ் போருக்குப் போனவர்கள் இருந்தார்கள், இலங்கைக்குப் போனவர்கள் இருந்தார்கள். கேட்டால் இரண்டு வரிதான் சொல்வார்கள். மூன்றாவது வரி பேத்தி கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும்.

அந்தக் கவுண்டரில் நான் கண்ட ஒரு வேதனையை மட்டும் சொல்கிறேன். அவர் போன பிறகு அந்த அம்மாள் தனியாக வருவார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பாதி கிழிந்த படைவிலகல் புத்தகம். அதில் மனைவியின் பெயர் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம். பிறந்த தேதி பல இடங்களில் இருக்கவே இருக்காது. எண்பது வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதமும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50 சதவீதமும், நூறு வயதில் இன்னொரு மடங்கும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. பிறந்த தேதி பதிவில் இல்லையென்றால் அந்த உயர்வு தானாக வராது. வீரம் பற்றி மேடையில் பேசுகிறோம், இந்த ஒரு தேதியைச் சரிபார்க்க யாரும் உட்காருவதில்லை.

நம் குடியிருப்பிலும் படையில் இருந்தவர்களின் பெற்றோர், மனைவியர் வசிக்கிறார்கள். நம் வாயில் காவலர்களிலும் முன்னாள் படைவீரர்கள் உண்டு. ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, அவர்கள் வீட்டில் ஓய்வூதிய ஆணை, படைவிலகல் புத்தகம், ஆதார், வங்கிக் கணக்கு நான்கிலும் கணவன் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். வேறுபாடு இருந்தால், அவர் இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் திருத்திவிடுங்கள். இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வருகிறது. பெரியவர்களுக்கு அதில் நுழையத் தெரியாவிட்டால் சங்க அலுவலகத்தில் மாலை 5 மணிக்கு மேல் நான் இருப்பேன். படிவம் நிரப்புவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த கலை.

இரண்டு, டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கிறோம். உண்டியலில் பணம் போட்டு, சட்டையில் கொடி குத்திக்கொள்வதோடு நிற்காமல், அன்று மாலை நம் சமுதாயக் கூடத்தில் நம்மிடையே உள்ள முன்னாள் வீரர்களைக் குடும்பத்தோடு அழைத்து ஒரு காபி கொடுக்கலாம். செயற்குழு பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மூன்று, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். எந்த ரெஜிமெண்ட், எந்த ஊர், என்ன சாப்பிட்டார்கள், வீட்டுக்குக் கடிதம் எத்தனை நாளில் வந்தது, அப்போது வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்வியை அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

அடுத்த இதழில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கத் தயார் என்று ஆசிரியர் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். காந்தி மார்க்கெட் கல்லில் எழுதாமல் விட்ட அந்த மூன்றாவது எண்ணை, நம் அளவுக்காவது நாம் எழுதி வைப்போம்.